பழைய காருக்கு ஹோஸ் வாங்கும்போது: அளவுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

அம்பாசடரின் பானட்டைத் திறந்தால் ரப்பர் ஹோஸ் என்று எண்ணிப் பார்க்க அதிகம் இருக்காது. ரேடியேட்டருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. பெட்ரோல் பம்ப் பக்கம் சுண்டுவிரல் தடிமனில் ஒரு துண்டு. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் லைனில் மெல்லிய குழாய். வால்வ் கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு குட்டை ஹோஸ். மாடலைப் பொறுத்து இன்னும் ஒன்றிரண்டு இருக்கலாம். பிரீமியர் பத்மினியிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

குறைவாக இருப்பதால்தான் அலட்சியமும் வருகிறது. எல்லாம் கறுப்பு, எல்லாம் ரப்பர். கடைக்குப் போய் "அண்ணே, கால் இன்ச் ஹோஸ் ஒரு மீட்டர் வெட்டுங்க" என்று கேட்கிறோம். அவரும் கைக்கு எட்டிய ரோலிலிருந்து வெட்டிக் கொடுக்கிறார். முனையில் சரியாக உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கிளிப்பை முறுக்கிவிட்டுப் போய்விடுகிறோம்.

அளவு இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, இந்த ஹோஸுக்குள் என்ன ஓடப்போகிறது என்பது. சுடுதண்ணீரா, பெட்ரோலா, ஆயிலா, வெறும் காற்றா? அதோடு சேர்த்து இன்னொன்று: உள்ளே இருப்பது சுவரை வெளியே தள்ளுமா, உள்ளே இழுக்குமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எந்த ரப்பர், எந்தத் தடிமன் என்பது தானாகவே முடிவாகிவிடும்.

ரப்பரில் இத்தனை வகையா?

பானட்டுக்குள் நமக்கு வேண்டியவை நான்கு வகை. ரேடியேட்டர் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரில் வருகின்றன. சூடு, நீராவி, கூலண்ட் எல்லாவற்றையும் இது தாங்கும். சுமார் 125 டிகிரி வரை கவலையில்லை. ஆனால் பெட்ரோலும் இன்ஜின் ஆயிலும் இதற்கு ஆகவே ஆகாது. நைட்ரைல் நேர் எதிர். பெட்ரோல், டீசல், ஆயில் எதுவும் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் பட்டால் வெடிப்பு விடும். அதனால்தான் நல்ல பெட்ரோல் ஹோஸில் உள்சுவர் நைட்ரைலாகவும் மேல்தோல் வேறு ரப்பராகவும் இருக்கும். மூன்றாவது சிலிக்கோன். 180 டிகிரிச் சூட்டையும் தாங்கும், ஆனால் சாதாரண சிலிக்கோனைப் பெட்ரோல் பக்கம் கொண்டுபோகவே கூடாது. நான்காவது ஃப்ளூரோ ரப்பர், கடைகளில் வைட்டான் என்று சொன்னால் புரியும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இதுதான் கெட்டி.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு சின்னச் சோதனை. பழைய ரேடியேட்டர் ஹோஸிலிருந்து நகத்தளவு துண்டை வெட்டி, மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிப் போட்டு வையுங்கள் (வீட்டுக்கு வெளியே, அடுப்படியிலிருந்து தள்ளி). ஓரிரு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் துண்டு நன்றாக உப்பிப்போய், விரலால் அழுத்தினால் நசுங்கும். பெட்ரோல் லைனில் இதே ரப்பர் இருந்தால் உள்ளே நடப்பதும் இதுதான்.

தண்ணீர் ஓடும் ஹோஸ்கள்

மேல் ஹோஸில் இன்ஜினிலிருந்து வெந்நீர் ரேடியேட்டருக்குப் போகிறது. கீழ் ஹோஸ் வழியாக, ஆறிய தண்ணீரை வாட்டர் பம்ப் இழுத்துக்கொள்கிறது. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் மேலே இருப்பது முழுக்க முழுக்கத் தள்ளும் பக்கம், கீழே இருப்பது பம்ப் உறிஞ்சும் பக்கம். ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு, ஹோஸும் சூட்டில் தளர்ந்திருந்தால், இன்ஜினை ரேஸ் செய்யும்போது கீழ் ஹோஸ் ஒட்டிப்போகும். இளநீர்க் கடையில் கொடுக்கும் மெல்லிய ஸ்ட்ராவை வழுக்கைத் துண்டு அடைத்துக்கொண்டால் என்ன ஆகிறதோ அதேதான். சில கார்களில் இதற்காகவே கீழ் ஹோஸுக்குள் ஒரு சுருள் கம்பி வைத்திருப்பார்கள். பழைய ஹோஸைக் கழற்றும்போது உள்ளே கம்பி இருந்தால் தூக்கிப்போடாதீர்கள். துருப்பிடிக்காமல் நன்றாக இருந்தால் புதியதற்குள் மாற்றிப் போடுங்கள், துருப்பிடித்திருந்தால் ஸ்டெயின்லெஸ் கம்பி தேடுங்கள்.

அழுத்தம் எவ்வளவு என்பதை ரேடியேட்டர் மூடி தீர்மானிக்கிறது. 7 பிஎஸ்ஐ மூடி போட்டால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாகச் சுமார் 111 டிகிரியில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ மூடியில் அது 120-ஐ எட்டும். இதைக் கேள்விப்பட்டு, "கார் சூடாகிறது, பெரிய மூடி போடுவோம்" என்று சிலர் இறங்கிவிடுகிறார்கள். ஐம்பதுகளில் வரையப்பட்ட காரின் செம்பு, பித்தளை ரேடியேட்டரும் ஈயப்பற்றும் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை இல்லை. மூடியில் என்ன எண் போட்டு வந்ததோ அதே எண்ணில் மாற்றுங்கள். ஹோஸ் புதிது என்பதால் ரேடியேட்டரும் புதிதாகிவிடாது.

பழைய ஹோஸ் போய்விட்டதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஈபிடிஎம் ஹோஸ் பெரும்பாலும் உள்ளிருந்துதான் கெடும். இன்ஜினின் இரும்பு, ரேடியேட்டரின் பித்தளை, நடுவில் உப்புள்ள தண்ணீர், இவை சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து, ஹோஸின் உள்சுவரில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளேயிருக்கும் நூல் பின்னலுக்குப் போய், நூலையும் இற்றுப்போகச் செய்யும். வெளியே பளபளப்பாக இருக்கும் ஹோஸ் ஒருநாள் நடுரோட்டில் கிழிவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, கிளிப்பை ஒட்டிய ஓரிரண்டு அங்குலத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். பிறகு ஹோஸின் நடுப்பகுதியை அதேபோல அழுத்துங்கள். முனை நடுவைவிட மெத்தென்று இருந்தாலோ, உள்ளே ஏதோ பிளவு விரலுக்குத் தட்டுப்பட்டாலோ மாற்றிவிட வேண்டியதுதான். அழுத்தும்போது மொறுமொறுவென்று சத்தம் வந்தாலும் அப்படியே. எண்ணெய் பட்டு ஒரு பக்கம் உப்பியிருந்தால், ஹோஸை மாற்றும் முன் அந்த எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பாருங்கள்.

நம் ஊரில் இந்தக் கேடு சீக்கிரம் வர போர் தண்ணீரும் ஒரு காரணம். உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றியே பல அம்பாசடர்கள் காலம் தள்ளியிருக்கின்றன. புது ஹோஸ் போடும்போது உள்ளே நன்றாகக் கழுவிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். நமக்குப் பனி உறையும் கவலை இல்லைதான். கூலண்டில் உள்ள துருத்தடுப்பு மருந்துக்காகத்தான் அதை ஊற்றச் சொல்கிறேன்.

அப்புறம் வடிவம். ரேடியேட்டர் ஹோஸ் வளைவோடு வார்த்து வருவது. நேரான ஹோஸை வாங்கி வளைத்து மாட்டினால் வளைவில் மடிந்து பாதை குறுகிவிடும். சரியான ஹோஸ் கிடைக்கவில்லையா? பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் சுவர் முழுக்க ஹோஸ்கள் தொங்கும். விட்டமும் வளைவும் பொருந்தினால் அது எந்த வண்டிக்கு வந்தது என்பது முக்கியமில்லை. நீளமான ஒன்றின் இரண்டு முனைகளையும் வெட்டினால் நடுவில் உங்களுக்கு வேண்டிய வளைவு கிடைக்கும். இரண்டு முனையிலும் குழாயின் மேல் ஓர் அங்குலமாவது ஏறும்படி நீளம் விடுங்கள். இன்ஜின் மவுண்டிங்கில் ஆடும், ரேடியேட்டர் ஆடாது. அதனால் விறைப்பாக இழுத்து மாட்டக் கூடாது. ஃபேன் பக்கம் நெருங்காமலும் இருக்க வேண்டும்.

அம்பாசடர்காரர்கள் இன்ஜினையும் சொல்லிக் கேட்க வேண்டும். 2014 மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நிற்கும்வரை வெளிப்பார்வைக்கு ஒரே காராக இருந்தாலும், பழைய 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் இன்ஜின், டீசல், தொண்ணூறுகளில் வந்த இசுசூ 1800 என்று உள்ளே வேறு வேறு. "அம்பாசடர் மேல் ஹோஸ்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் என்னதான் செய்வார்?

வளை வளையாக இருக்கும் பொது ஹோஸ் ஒன்று கிடைக்கும், எப்படியும் வளைத்துக்கொள்ளலாம். வழியில் நின்றுவிட்ட காருக்கு அது சரி. நிரந்தரமாக வைக்க எனக்கு மனம் வராது: வளைகளுக்கு நடுவில் சுவர் மெல்லிசு, முனை பல நேரம் குழாயில் ஒட்டி உட்காராது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்த வளை வகை உண்மையிலேயே உதவி. மோரிஸ் மைனர், மினி இரண்டிலும் உள்ள பிஎம்சி ஏ-சீரிஸ் இன்ஜினில், சிலிண்டர் ஹெட்டுக்கும் வாட்டர் பம்புக்கும் நடுவில் ஒரு குட்டை பைபாஸ் ஹோஸ் உண்டு. சாதாரண ஹோஸ் என்றால் பம்பைக் கழற்றாமல் மாட்டுவது பெரும்பாடு. துருத்தி மாதிரிச் சுருங்கும் வகையை அழுத்தி இடுக்கில் நுழைத்து விட்டால் விரிந்து உட்கார்ந்துவிடும். இலங்கையில் இன்னும் மைனர் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஹோஸை அறிமுகப்படுத்தத் தேவையே இருக்காது.

சிலிக்கோன் ஹோஸ் போடலாமா என்று கேட்காத ஆளில்லை. போடலாம், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதன் தோல் மென்மை; துளையிட்ட சாதாரண கிளிப்பை முறுக்கினால் துளை வழியே பிதுங்கி வெட்டுப்படும். அதற்கென்று உள்பட்டை வைத்த கிளிப் வாங்க வேண்டும். தண்ணீரும் அதன் சுவர் வழியே மிக மெதுவாக ஆவியாகும், மட்டத்தை அவ்வப்போது பார்க்க வேண்டியிருக்கும். வாரம் ஒருமுறை வெளியே எடுக்கும் காருக்கு நல்ல ஈபிடிஎம் தாராளமாகப் போதும் என்பது என் கட்சி. பளீரென்ற நீல நிற ஹோஸ் 1960களின் இன்ஜினுக்கு எப்படிப் பொருந்தும் என்பதை உங்கள் ரசனைக்கே விட்டுவிடுகிறேன்.

பெட்ரோல் லைன்

தண்ணீர் ஹோஸ் போனால் வண்டி நிற்கும். பெட்ரோல் ஹோஸ் போனால் வண்டியே போய்விடும். அம்பாசடரின் பிஎம்சி இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, அதுவும் கார்புரேட்டர் மேலே. அங்கே சொட்டும் பெட்ரோல் எங்கே விழும் என்று விளக்க வேண்டியதில்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் உலகத்தில் இன்ஜின் தீ என்றாலே முதலில் சந்தேகப்படுவது பழைய பெட்ரோல் ஹோஸைத்தான். அதில் வரும் ஜெர்மன் வகை ஹோஸுக்கு மேலே துணிப் பின்னல் இருக்கும். பார்க்க அழகு, ஆனால் ரப்பர் வெடித்தாலும் பின்னல் மறைத்துவிடும்.

இப்போது கூடுதல் சிக்கல் எத்தனால். 2022 ஜூனில் நம் பெட்ரோலில் சராசரி 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டதாக மத்திய அரசு அறிவித்தது. 2023 பிப்ரவரியிலிருந்து 20 சதவீதம் கலந்த இ20 பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. நம் பழைய கார்களின் ரப்பர் பாகங்கள் இதை நினைத்துச் செய்யப்பட்டவை இல்லை. எத்தனால் பழைய ரப்பரை உப்ப வைக்கும், அதை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருளையும் கரைத்து எடுத்துவிடும். அப்புறம் காய்ந்தால் ரப்பர் விறைத்து வெடிக்கும். மாதக்கணக்கில் நின்றுவிட்டு எப்போதாவது ஓடும் கார்களுக்கு இப்படி நனைவதும் காய்வதும் மாறி மாறி நடப்பதால் பாதிப்பு இன்னும் அதிகம்.

எனவே பெட்ரோல் ஹோஸ் வாங்கும்போது கையில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். உடம்பில் நீளவாக்கில் எழுத்து அச்சிட்டிருக்கும். அமெரிக்க எஸ்ஏஇ தர வரிசையில் 30ஆர்6, 30ஆர்7 இரண்டும் கார்புரேட்டர் வண்டிகளின் குறைந்த அழுத்தத்துக்கானவை. 30ஆர்9 இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கென்று வந்தது, உள்சுவர் ஃப்ளூரோ ரப்பர். நம் மெக்கானிக்கல் பம்ப் கொடுக்கும் சில பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு 30ஆர்9 தேவையே இல்லை. ஆனால் எத்தனாலுக்காக அதை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். விலை கூடுதல்தான், நமக்கு வேண்டியதோ ஒரு மீட்டர்கூட இல்லை. எழுத்தே இல்லாத ஹோஸைக் காட்டி "எல்லாம் பெட்ரோலுக்குத்தான் சார் போகுது" என்று சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். 30ஆர்10 என்றிருந்தால் அது டேங்குக்குள் மூழ்கி இருப்பதற்கான ஹோஸ், வெளியே போட வேண்டாம்.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபையும் விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஓடுவது தெரிகிறது என்று ஆசையாகத்தான் இருக்கும். சில மாதங்களில் மஞ்சளாகி, விறைத்து, முனையில் பிடிப்பு போய்விடும். பானட்டுக்குள் அடிக்கும் சூட்டுக்கு அது ஏற்றதில்லை.

பெட்ரோல் லைனில் ரப்பர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பாடியில் பிடித்திருக்கும் இரும்புக் குழாய்க்கும், இன்ஜினோடு சேர்ந்து ஆடும் பம்புக்கும் நடுவில் மட்டும்தான் வளையும் துண்டு தேவை. குழாய் துருப்பிடித்துவிட்டது என்று டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ரப்பரே ஓட்டியிருந்தால், அதைப் பிரித்து இரும்பு அல்லது செம்பு-நிக்கல் குழாய்க்கு மாற்றுவதுதான் முதல் வேலை. குழாய் முனையில் ஒரு சின்னப் புடைப்பு வளையம் இருக்க வேண்டும்; மொட்டையாக அறுத்த முனையில் ஹோஸ் கழன்று வரும். கோடையில் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஓட்டிய தலைமுறைக்கு வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகி ஓட்டம் தடைபடுவது) பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஹோஸை எக்ஸாஸ்ட்டை விட்டு எவ்வளவு தள்ளிக் கொண்டுபோகிறீர்களோ அவ்வளவு அந்தத் தொல்லையும் குறையும்.

டீசல் அம்பாசடர் என்றால் நைட்ரைல் போதும். ஆனால் அங்கே உறிஞ்சும் பக்க ஹோஸ் கெட்டால் சொட்டாது, காற்றை உள்ளே விடும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் டீசல் வண்டிக்கு பேட்டரியைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

அளவு

இப்போது அளவுக்கு வரலாம். அம்பாசடர் பிரிட்டிஷ் வம்சம், கணக்கு இன்ச்சில். பத்மினி இத்தாலிய ஃபியட் 1100-இலிருந்து வந்தது, அது மில்லிமீட்டர். ஹோஸ் அளவு என்பது உள்விட்டம். அதாவது அது ஏறும் குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளக்க வேண்டும். கால் இன்ச் குழாய் 6.35 மி.மீ.; அதில் 6 மி.மீ. ஹோஸ் கொஞ்சம் இறுக்கமாக ஏறி நன்றாக உட்காரும். 5/16 இன்ச் என்பது 7.9, அதற்கு 8 மி.மீ. சரி. ஆனால் கால் இன்ச் குழாயில் 8 மி.மீ. ஹோஸைப் போட்டுவிட்டு கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் ரப்பர் மடிந்து ஒரு வாய்க்கால் விட்டுவிடும். பழைய ஹோஸின் வாயை அளந்து அதே அளவு கேட்பதும் வேண்டாம், வருடக்கணக்கில் விரிந்து போயிருக்கும்.

மற்றவை, சுருக்கமாக

வேக்குவம் ஹோஸில் வெளிக்காற்றைவிட உள்ளே அழுத்தம் குறைவு, எனவே ஒட்டிப்போகாமலிருக்கச் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். பிரேக் பூஸ்டர் பொருத்தியிருந்தால் அதற்கென்று வரும் ஹோஸ்தான் போட வேண்டும். தளர்ந்த வேக்குவம் ஹோஸ் வழியே காற்று புகுந்தால் ஐட்லிங் தடுமாறும். பலரும் இதற்குக் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பார்கள். வால்வ் கவர் ஹோஸில் ஓடுவது காற்றுதான் என்றாலும் அது ஆயில் ஆவி கலந்த காற்று. அங்கே ரேடியேட்டர் ஹோஸ் துண்டை மாட்டினால் உப்பித் தொங்கிவிடும், நைட்ரைல் கேளுங்கள்.

ஆயில் பிரஷர் லைனில் இரண்டு முனையிலும் இணைப்பு அழுத்திப் பொருத்தியதுதான் வேண்டும். ஹைட்ராலிக் ஹோஸ் செய்யும் கடையில் பழையதைக் கொடுத்தால் அதே திருகோடு செய்து தருவார்கள். வெட்டிய ஹோஸும் கிளிப்பும் அங்கே கூடாது. பிரேக் ஹோஸ் பக்கம் இந்தக் கட்டுரையின் எந்த யோசனையையும் கொண்டுபோக வேண்டாம். பெட்டியில் வரும் முழு ஹோஸை அப்படியே வாங்கி, தெரிந்தவர் கையால் மாட்டுங்கள்.

பழைய சரக்கும் கிளிப்பும்

பழைய கார் பிரியர்களுக்கு, பிரிக்காத கம்பெனிப் பெட்டியில் முப்பது வருடம் கிடந்த பாகம் என்றால் கண் மின்னும். பம்ப்பாக இருந்தால் நானும் வாங்குவேன், ஹோஸாக இருந்தால் வாங்க மாட்டேன். ரப்பர் அலமாரியில் சும்மா கிடந்தாலும் வயதாகும். சில கம்பெனிகள் தயாரித்த காலாண்டும் வருடமும் ஹோஸ் மேலேயே அச்சிடுகின்றன, தேடிப் பாருங்கள்.

ரேடியேட்டர் ஹோஸுக்கு ஜூபிலி கிளிப் என்று நாம் சொல்லும் திருகு கிளிப் நல்லதுதான். 1921-இல் பிரிட்டனில் காப்புரிமை வாங்கிய அந்த வடிவம் இன்றும் மாறவில்லை. சின்னப் பெட்ரோல் ஹோஸுக்கு மட்டும் துளைப்பட்டை கிளிப் வேண்டாம். அந்தச் சிறிய விட்டத்தில் அது முழு வட்டமாக அழுத்தாது, ரப்பரையும் அறுக்கும். பட்டை வழவழவென்று, விளிம்பு மேல்நோக்கி மடிந்திருக்கும் குட்டி கிளிப் கேளுங்கள்.

பழைய ஹோஸ் ரேடியேட்டர் குழாயில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள். பித்தளைக் குழாய் நசுங்கும், இல்லையென்றால் ஈயப்பற்று விட்டுப்போகும். எப்படியும் தூக்கிப்போடப் போகிற ஹோஸ், நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்தெடுங்கள். கீறல் குழாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயில் படிந்த சுண்ணாம்பையும் பழைய ரப்பரையும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். புது ஹோஸ் ஏற மறுத்தால் கிரீஸ் தடவ வேண்டாம், ஈபிடிஎம்முக்கு அது விரோதி. கொஞ்சம் கூலண்டோ சோப்புத் தண்ணீரோ போதும். கிளிப்பைக் குழாயின் புடைப்பு வளையத்துக்குப் பின்னால், ஹோஸின் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி வைத்து முறுக்குங்கள். புடைப்பின் மேலேயே வைத்தால் வெட்டும்.

தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்தபடியே ஓடவிட்டு, காற்றுக் குமிழி நின்றதும் மட்டத்தை நிரப்பி மூடுங்கள். நன்றாகச் சூடேறும்வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள். புது ரப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கும், அதனால் ஆறிய பிறகு எல்லாக் கிளிப்பையும் இன்னொரு தரம் முறுக்க வேண்டியிருக்கும். பெட்ரோல் இணைப்புகளின் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து இரவு முழுக்க விட்டு, காலையில் வண்டியை எடுக்கும் முன் கறை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.